கொடிவழியில் ஒரு பெண்

கங்கைகொண்ட சோழபுரத்தின் அண்டையில் வாழும் மீன்சுருட்டி மக்களுக்கு முதலாம் இராசேந்திரன் அயலான் அல்லன். அவன் தந்தை யார், முன்னோர் யாவர் என்பதைச் செப்பேடுகள் நிரல்பட உரைக்கும். அவனோடு உயிர்நீத்த வீரமாதேவியின் முடிவையோ, அவள் உடன்பிறந்தான் அமைத்த தண்ணீர்ப்பந்தலைக் குறிக்கும் பிரமதேசக் கல்வெட்டால்தான் அறிகிறோம். பெண்ணின் வரலாற்றை உற்றார் வழியாகவே தேடவேண்டிய நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824ஆம் ஆண்டு பெண்கள் உறைவிடப் பள்ளி கண்ட அமெரிக்கப் பெண்மணி ஹாரியட் வின்சுலோ இதற்குச் சான்று. 1862இல் பேரகராதி தந்த மைரன் வின்சுலோவைத் தமிழுலகம் அறியும். அவர்தம் முதல் மனைவியை அறிந்தார் சிலரே. வின்சுலோ என்பது மணத்தால் வந்த பெயர். அவர் 1796இல் கனெக்டிகட் மாநிலத்து நார்விச் நகரில் லாத்ரப் குடியில் பிறந்தவர். அப்பெயரைப் பற்றிக்கொண்டு தேடினால்தான் வழி திறக்கிறது. 1634இல் இங்கிலாந்தினின்றும் அமெரிக்கா சென்ற சமயகுரு ஜான் லாத்ரப்பின் கால்வழியை ஹண்டிங்டன் என்பார் தொகுக்க, 1884இல் அது நூலாயிற்று. ஹாரியட்டின் தங்கையர் மூவரும் அதே மிஷன் பணிக்கு வந்தவர்கள். ஹச்சிங்ஸ், பெர்ரி, செர்ரி என மணத்தால் பெயர் மாறியமையால், மிஷன் பட்டியல்களில் உடன்பிறந்தார் நால்வரும் உறவற்றோர்போல் நிற்பர்!

1819இல் பாஸ்டனில் கப்பலேறிய ஹாரியட் மீண்டும் தாய்நாடு காணவில்லை. கல்விக்காக அனுப்பப்பெற்ற மகன் சார்லசு 1832இல் அமெரிக்காவில் இறந்தான்; 1833 சனவரியில், முப்பத்தாறு வயதில், தாயும் உடுவிலில் மறைந்தார். அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்பையும் கொண்டு கணவர் 1835இல் வாழ்க்கை வரலாறு வெளியிட்டார். கணவர் தேர்ந்தளித்த பகுதிகளே நமக்குக் கிடைத்துள்ளன என்பதை மறத்தலாகாது. தாயின் பெயரையே தாங்கிய மகள் ஹாரியட், சென்னையில் பணியாற்றிய ஜான் வெல்ஷ் டல்லஸை மணந்தார். 1953இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சரான ஜான் பாஸ்டர் டல்லஸ் அம்மகளின் பேரர்.

மறுபுறமும் நோக்குதல் வேண்டும். நன்கொடையாளர் விரும்பிய பெயரை மாணவர்க்குச் சூட்டுவது அந்த மிஷனின் வழக்கம். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை ஆகியோர் பெயர்களில் அதன் சுவடு உண்டு. அவர்கள் நூலெழுதிய ஆடவர். ஆதலின் தமிழ்ப்பெயரும் உடன் நின்றது. உடுவிலில் ஹாரியட்டிடம் கற்ற சிறுமியர்க்கோ இரட்டை இழப்பு: பள்ளியில் ஒரு பெயர் மாற்றம், மணத்தில் மற்றொன்று. தாய் இட்டு அழைத்த பெயரை மிஷன் ஏடுகளில் காண்டல் அரிது.