மலர்க் கண்காட்சியும் கித்தா மரமும்

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், கூலிம் வட்டாரத்திலும் பாடாங் மேஹாவிலும் நம்மவர் தலைமுறை தலைமுறையாகக் கண்டு பழகிய மரங்கள் இரண்டு. ஒன்று கித்தா; மற்றொன்று செம்பனை. இரண்டும் இம்மண்ணில் தாமே முளைத்தவை அல்ல. கித்தாவின் தாயகம் தென்னமெரிக்கா. செம்பனையின் தாயகம் ஆப்பிரிக்கா. இவை மலாயாவிற்கு வந்த வழியைத் தேடிச் சென்றால், தோட்டங்களுக்கு முன்பாக ஒரு பூங்காவைக் காண்கிறோம். அப்பூங்காவோ, மலர்க் கண்காட்சியும் இசை நிகழ்ச்சியும் நடத்தி மகிழச் சிலர் கூடிப் பணம் போட்டு அமைத்தது. மலர்க் கண்காட்சி என்பது வெறும் கேளிக்கை என எண்ணுவோர் இவ்வரலாற்றைச் சற்றே நோக்குதல் வேண்டும்.

மலர்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துவது தமிழர்க்குப் புதிதன்று. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களை அடுக்கிக் கூறுகிறது. ஆயினும், வளர்த்தோர் தம் மலர்களை ஓரிடத்திற் கொணர்ந்து வைக்க, நடுவர் அவற்றை ஒப்பிட்டுப் பரிசளிக்கும் வழக்கம் ஐரோப்பியரின் தோட்டக்கலைக் கழகங்களோடு இங்கு வந்தது. சிங்கப்பூரில் இராபிள்ஸ் 1822இல் தொடங்கிய பூங்கா 1829இல் கைவிடப்பட்டது. பின்னர் 1859இல் வேளாண்மை தோட்டக்கலைக் கழகம் ஒன்று தங்ளின் பகுதியில் புதிய பூங்காவை அமைத்தது. வாம்போவா எனப் பலரும் அழைத்த சீன வணிகர் ஹூ ஆ கே அதற்கு நிலம் கிடைக்க உதவினார். இலாரன்ஸ் நிவன் என்பார் பூங்காவைத் திருத்தி அமைத்தார். கழகத்தார் மலர்க் கண்காட்சிகளை நடத்தினர். ஆனால் சந்தாப் பணம் செலவுக்குப் போதவில்லை, கடன் ஏறிற்று. 1874இல் பூங்கா அரசாங்கத்தின் கைக்கு மாறியது.

இம்மாற்றமே மலாயாவின் வரலாற்றைத் திருப்பியது எனலாம். அரசாங்கப் பூங்காவிற்கு இலண்டனின் கியூ பூங்காவோடு நெருங்கிய தொடர்பு ஏற்பட்டது. ஹென்றி விக்காம் 1876இல் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற கித்தா விதைகள் கியூவில் முளைத்தன. அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றுட் சில பேராக்கிலுள்ள கோலகங்சாருக்கும் சென்றன. 1888இல் பூங்காவின் தலைமையை ஏற்ற ஹென்றி இரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பட்டையை மெல்லச் சீவி, அதே வெட்டை மீண்டும் மீண்டும் புதுப்பித்துப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். விதைகளைச் சட்டைப் பையிற் போட்டுக்கொண்டு, காண்போரிடமெல்லாம் கித்தாவை நடுங்கள் என்று அவர் வற்புறுத்துவாராம். அதனால் 'பித்தர் இரிட்லி' என்னும் பெயரும் அவருக்கு வாய்த்தது. மலாக்காவில் தான் சே யான் என்னும் சீனர் 1896இல் கித்தாவைத் தோட்டப் பயிராக நட்டார். காப்பியின் விலை வீழ்ந்து தோட்ட முதலாளிகள் கலங்கியிருந்த காலம் அது. மோட்டார் வண்டிகள் பெருகவே, பித்தரின் மரம் பொன் காய்க்கும் மரமாயிற்று.

அதே இரிட்லியின் காலத்தில், அதே நகரின் மலர்க் கண்காட்சியில், மற்றொரு செடி புகழ் பெற்றது. ஆர்மீனியக் குடும்பத்தைச் சேர்ந்த ஆக்னஸ் ஜோக்கிம் என்னும் அம்மையார் தம் தோட்டத்தில் கண்ட கலப்பின ஆர்க்கிட் மலரை இரிட்லியிடம் காட்டினார். அம்மையாரே இரு செடிகளைக் கலந்து இதனை உண்டாக்கினார் என்று இரிட்லி 1893இல் எழுதி, வாண்டா மிஸ் ஜோக்கிம் என அதற்குப் பெயரும் சூட்டினார். இயற்கையில் தோன்றியதோ, கையால் உண்டாக்கியதோ என்னும் வழக்கு பின்னர் நெடுங்காலம் நடந்தது. 1899 ஏப்ரலில் சிங்கப்பூர் மலர்க் கண்காட்சியில் அம்மலர் அரிய ஆர்க்கிட் என முதற்பரிசு பெற்றது. அவ்வாண்டு சூலைத் திங்களில் அம்மையார் மறைந்தார். 1981இல் அம்மலர் சிங்கப்பூரின் தேசிய மலர் ஆயிற்று.

காலம் செல்லச் செல்லக் காட்சி மேடையில் மலரின் பக்கத்தில் வாணிகப் பயிரும் ஏறியது. 1906 செப்டம்பரில் இலங்கையின் பேராதனைப் பூங்காவில் கித்தாவுக்கென்றே ஒரு கண்காட்சி நடைபெற்றது. 1908இல் இலண்டனில் அனைத்துலகக் கித்தாக் கண்காட்சி கூடியது. 1923இல் கோலாலம்பூரில் மலாயா வேளாண்மை தோட்டக்கலைக் கழகத்தின் கண்காட்சி தொடங்கியது. இன்று செர்டாங்கில் பெருந்திரளான மக்கள் கண்டு களிக்கும் 'மாஹா' கண்காட்சி அதன் வழிவந்ததே. போகோர் பூங்காவில் 1848இல் நடப்பட்ட நான்கு கன்றுகளை மூதாதையராகக் கொண்ட செம்பனையும் முதலில் அழகு மரமாகவே மலாயாவில் நின்றது. 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்திலேதான் அது வாணிகப் பயிராயிற்று.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. கண்காட்சியின் பரிசு பொருளை அளித்தவர் பெயருக்குச் சேரும். நீர் ஊற்றியவர், களை பறித்தவர், வைகறையில் பால் வெட்டியவர் பெயர் அப்பட்டியலில் இடம் பெறுவதில்லை. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. கங்காணிகள் ஊர் ஊராய்ச் சென்று ஆள் சேர்த்தனர். 1909இல் கெடா ஆங்கிலேயரின் மேற்பார்வைக்குள் வந்தபின், அதன் தென்பகுதிக் காடுகள் கித்தாத் தோட்டங்களாக விரிந்தன. இந்திய அரசாங்கம் 1938இல் உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்து நிறுத்தும்வரை ஆள் வரவு பெரும்பாலும் தொடர்ந்தது. காட்சி மேடையில் வெண்ணிறத் தாளாக மடித்து வைக்கப்பட்ட கித்தாவின் பின்னால் இத்தனை பேரின் வாழ்வு இருந்தது.

உலகப் போருக்குப் பின் செருமானியர் மலர்க் கண்காட்சியை எதற்குப் பயன்படுத்தினர் என்பதை இவ்விடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1951இல் ஹனோவரில் கூட்டாட்சித் தோட்டக் கண்காட்சி தொடங்கியது. ஈராண்டுக்கு ஒருமுறை நகரம் நகரமாக அது மாறிச் சென்றது. 1955இல் காசல் நகரின் முறை வந்தது. 1943 அக்டோபரில் குண்டு வீச்சால் எரிந்து அழிந்த ஊர் அது. இடிபாடுகளை நகர மக்கள் பழைய அரச பூங்காவின் சரிவில் கொட்டியிருந்தனர். தோட்டக்கலை வல்லுநர் ஹெர்மன் மாட்டர்ன் அக்குவியலை அப்புறப்படுத்தவில்லை. அதன்மேல் மண் பரப்பி ரோசாச் சரிவாக ஆக்கினார். அதே கோடையில் ஆர்னால்டு போடே என்னும் ஓவியர், இட்லர் ஆட்சி இழித்து ஒதுக்கிய ஓவியங்களையும் அவ்வூரில் காட்சிக்கு வைத்தார். அதுவே பின்னர் உலகப் புகழ் பெற்ற டாக்குமெண்டா. ரோசாவின் அடியில் என்ன புதைந்திருக்கிறது என்பதைக் காசல் மக்கள் அறிவர்.

மலாயாவும் அப்போரில் சிதைந்தது. 1942 முதல் 1945 வரை தோட்டப்புறங்களில் சோற்றுக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு. ஆயிரக்கணக்கான தமிழர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மடிந்தனர். சிங்கப்பூர்ப் பூங்காவில் ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் செங்கற்படிகள் கட்டினர். தாங்கள் கைதிகள் என்பதற்கு அடையாளமாகச் செங்கற்களில் அம்புக்குறி பொறித்தனர். அக்குறிகள் இன்றும் அங்கே காணக் கிடைக்கின்றன. நம் தோட்டப்புறங்களில் அத்தகைய குறிகள் அரிது. கித்தா வெட்டப்பட்ட இடத்தில் செம்பனை எழுந்தது. செம்பனை நின்ற இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. லயங்கள் இடிந்தபோது, அவற்றின் முன்னே நம் பாட்டிமார் வளர்த்த முருங்கையும் செம்பருத்தியும் உடன் போயின. அவற்றிற்கு நடுவரும் இல்லை, பரிசும் இல்லை.

2015இல் யுனெஸ்கோ சிங்கப்பூர்ப் பூங்காவை உலக மரபுடைமையாக ஏற்றுக்கொண்டபோது, கித்தா ஆராய்ச்சியில் அதற்கிருந்த பங்கும் சிறப்பாகக் குறிக்கப்பட்டது. அது தகுதியான பெருமையே. ஆனால் அப்பெருமை பூங்காவின் வாயிலோடு முடிவதன்று. பூங்காவிலிருந்து புறப்பட்ட கன்று பாடாங் மேஹாவின் மண்ணை அடைந்தபின் நடந்த கதையும் அவ்வரலாற்றின் பகுதியே ஆகும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவரைச் செர்டாங் கண்காட்சிக்கோ சிங்கப்பூர்ப் பூங்காவிற்கோ அழைத்துச் செல்லும்போது, திரும்பிய பின் ஒரு வேலை கொடுக்கலாம். பாட்டன் பாட்டி வெட்டிய நிரை எது, லயத்தின் முன் இருந்த செடிகள் எவை என வீட்டு முதியோரைக் கேட்டுக் குறித்து வரச் சொல்லலாம். பத்துக் குடும்பங்களின் குறிப்பைச் சேர்த்தாலே, எந்தக் கண்காட்சியின் பரிசுப் பட்டியலிலும் இல்லாத பெயர்கள் நமக்குக் கிடைத்துவிடும். கேட்டால் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.