பெட்ரோலில் கலந்த கரும்பு: பழைய கதையும் புதிய கணக்கும்

"முன்பு கொடுத்த மைலேஜ் இப்போது வருவதில்லையே, பங்கில் அளவு குறைக்கிறார்களா?" என்று நம் குடியிருப்பில் பலர் கேட்கிறார்கள். அளவு சரியாக இருந்தாலும் மைலேஜ் குறையும். காரணம், பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால். இந்தக் கலப்பின் வரலாறு நாம் நினைப்பதைவிடப் பழையது.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது சென்னை மாகாணத்தில் கரி வாயு பஸ்கள் ஓடின. பஸ்ஸோடு இணைத்த உலையில் கரியை மூட்டி, வாயு வரும்வரை காத்திருந்து வண்டியை எடுப்பார்கள். மேடு வந்தால் திணறும். மாற்று எரிபொருளுக்கு வலு குறைவு என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

பெட்ரோலில் எரிசாராயம் கலக்க 1948 இல் இந்திய பவர் ஆல்கஹால் சட்டம் வந்தது. 2000 இல் அதை நீக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், மறு ஆண்டே கலப்புச் சோதனை தொடங்கியது. 2003 ஜனவரியில் தமிழ்நாடு, புதுச்சேரி உட்பட 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் 5 சதவீதக் கலப்பு நடைமுறைக்கு வந்தது. கரும்பு விளைச்சல் குறைந்ததும் 2004 இல் தளர்ந்தது. 2013-14 இல்கூட கலப்பு 1.53 சதவீதம்தான். பிறகு வேகம் பிடித்து 2022 இல் 10 சதவீதமும், 2025 இல் 20 சதவீதமும் ஆனது.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் வெப்ப ஆற்றல் உண்டு. எத்தனாலில் சுமார் 21 தான். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால், கலவையின் ஆற்றல் ஏறக்குறைய 7 சதவீதம் குறைகிறது. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும் பழைய வகைக் கார்களுக்கு 6 முதல் 7 சதவீத இழப்பு என்றே சொன்னது. இருசக்கர வாகனங்களுக்கு 3 முதல் 4. கலவைக்கென்றே சரிசெய்த புதிய கார்களுக்கு 1 முதல் 2 சதவீதம்தான். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடிய பழைய கார் 14 ஓடினால், ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டருக்கு 48 லிட்டர் கூடுதல் செலவு.

வரவுப் பக்கம் என்ன? புகைக்குழாயில் கரியமில வாயு வரத்தான் செய்யும். ஆனால் அது கரும்பு வளரும்போது காற்றிலிருந்து எடுத்ததே. உழவு, உரம், ஆலைச் செலவெல்லாம் சேர்த்தும், பெட்ரோலைவிடக் கரும்பு எத்தனாலில் 65 சதவீதமும் மக்காச்சோள எத்தனாலில் 50 சதவீதமும் பசுங்குடில் வாயு குறைவு என்கிறது நிதி ஆயோக். இது எத்தனாலுக்கு மட்டுமான கணக்கு. கலவையின் ஆற்றலில் எத்தனாலின் பங்கு 14 சதவீதமே. ஆகவே முழுவதும் கரும்பு எத்தனாலே என்றாலும், நம் கார் ஓடும் தூரத்துக்குச் சுமார் 9 சதவீதம்தான் மிச்சம்.

வரவு உண்மை, ஆனால் சிறியது. கரும்போ தண்ணீர் குடிக்கும் பயிர். கிணற்றில் உப்பு ஏறிவிடுமோ என்று அஞ்சும் இந்தக் கடற்கரையில், தண்ணீரையும் செலவுப் பக்கத்தில் எழுதத்தான் வேண்டும். பஜாருக்கு நடந்தோ சைக்கிளிலோ போனால், அந்த 9 சதவீதம் 100 ஆகிறது. அதற்கு எந்தச் சட்டமும் வேண்டியதில்லை.