தெருக்குரல்: றகரமும் ரகரமும்

'குறள்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'குரல்' என்று எழுதிய விடைத்தாள்களில் எத்தனை சிவப்புக்கோடு போட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. 2019-இல் இரண்டு இளைஞர்கள் அந்த ஒலி ஒற்றுமையையே தலைப்பாக்கி ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார்கள். பெயர் 'தெருக்குரல்'. எழுதிப் பாடியவர் அறிவு, இசை ஆஃப்ரோ. காதுக்குத் திருக்குறள், கண்ணுக்குத் தெரு. சிலேடை என்றால் இதல்லவா!

சிப்காட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர், "சார், அமெரிக்காவில் ஹார்ட்கோர் பங்க்குன்னு ஒண்ணு இருக்கே, நம்மகிட்ட அப்படி உண்டா?" என்று கேட்டார். அதனால்தான் இந்தப் பதிவு.

ஹார்ட்கோர் என்பது வேகம், கத்தல், சின்னச்சின்னப் பாட்டு. வாஷிங்டன் நகரத்துக் கறுப்பின இளைஞர்களின் 'பேட் பிரெய்ன்ஸ்' குழு 1982-இல் தன் முதல் ஆல்பத்தை வெறும் கேசட்டாகத்தான் வெளியிட்டது. அட்டையில் நாடாளுமன்றக் கட்டடத்தின் மீது மின்னல் விழும் படம். இவர்கள் முதலில் ஜாஸ் ஃப்யூஷன் வாசித்தவர்கள். ஆகவே 'வாசிக்கத் தெரியாதவர்கள் கத்துகிறார்கள்' என்று ஒதுக்கிவிட முடியாது. தெரிந்தே தேர்ந்தெடுத்த சத்தம் அது.

கானாவையும் அப்படித்தான் இரைச்சல் என்றார்கள். நம் கும்மிடிப்பூண்டி லோக்கல் புறப்பட்டதும் கடந்து வரும் பேசின்பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைதான் அதன் ஊர்கள். சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடப்பட்டு, பிறகு கேசட்டில் ஏறிய பாட்டு. சினிமா அதை எடுத்துக்கொண்டபோது குத்தாட்டத்தை எடுத்துக்கொண்டது, துக்கத்தையும் கோபத்தையும் பெரும்பாலும் விட்டுவிட்டது.

அந்தக் கோபம் மேடையேறிய நாள் 2018 ஜனவரி 6. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' அன்று கீழ்ப்பாக்கத்தில் பாடியது. பறை, சட்டி, டோலக் பக்கத்தில் மின்கிடார். குழுவில் இருந்த ஒரே பெண் இசைவாணி, கானா பாடகி. குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து வந்தது. நூறாண்டுக்கு முன் 'தமிழன்' இதழ் நடத்தியவரை ராக் மேடைக்கு அழைத்து வந்தவர்களை நான் இலேசில் மறக்கமாட்டேன். நம் பாடநூல்களின் முன்பக்கத்தில் தீண்டாமை பற்றிய வாசகங்கள் ஆண்டுதோறும் அச்சாகின்றன. வகுப்பில் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் பாடம் தொடங்கும்.

அந்தக் குழுவில் பாடியவர்தான் அறிவு. திருவள்ளூரைத் தாண்டிப் போனால் வரும் அரக்கோணத்துக்காரர். 'தெருக்குரல்' ராப் வகை, பங்க் அல்ல. வகையைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. 'கள்ள மௌனி' என்று ஒரு பாட்டு. அநியாயத்தைக் கண்டும் வாய் திறக்காத நல்லவர்களைப் பற்றியது. 'ஆன்டி இண்டியன்' இன்னொன்று. கேள்வி கேட்டாலே தேசவிரோதி என்கிற வழக்கத்துக்குப் பதில்.

என்னை உட்காரவைத்தது வேறொரு பாட்டு. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்துப் போனவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் ஓர் இளம்பெண்ணின் பெயரே பாட்டுக்குத் தலைப்பு. அந்த ஆலை இருப்பதும் ஒரு சிப்காட் வளாகத்தில்தான். ஆறு நாள் கழித்து அரசு ஆலையை மூட உத்தரவிட்டது. செய்தித்தாள் அடுத்த செய்திக்குப் போய்விட்டது. பாட்டில் அந்தப் பெயர் இருக்கிறது.

மாணவரிடம் இந்தப் பாட்டைத்தான் முதலில் கேட்கச் சொன்னேன். ஷிப்டு முடிந்து வரும் வழியில் கேட்டிருக்கிறார். மீஞ்சூர் வந்ததும் தெரியவில்லை, பொன்னேரி வந்ததும் தெரியவில்லையாம். பக்கத்து சீட்டுக்காரர் இயர்போனில் ஒன்றை வாங்கிக்கொண்டாராம்.