ஏழாம் தேதி எங்கிருந்து வந்தது?

ஓசூர் சிப்காட் பக்கம் மாசம் பொறந்து அஞ்சாறு நாள் ஆனால் டீக்கடையில் ஒரே பேச்சுதான்: "சம்பளம் ஏறிடுச்சா?" ஏழாம் தேதி தாண்டினால் பேச்சு சூடாகும். இந்த ஏழு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன்.

1920களில் பம்பாய் பஞ்சாலைகளில் ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம் 10, 15 தேதி வாக்கில்தான் கைக்கு வரும். புதுசாகச் சேர்ந்தவர் ஆறு வாரம் காசு பார்க்காமல் உழைக்கணும். அதுவரை சாப்பாட்டுக்குக் கடன்தான். யோசித்துப் பாருங்கள்: ஆலைக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தவர் தொழிலாளி, அதற்காக வெளியே வட்டி கட்டியவரும் அவரே.

1925ல் திவான் சமன்லால் வாரச் சம்பளம் கேட்டு மத்திய சட்டசபையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். தானே கவனிப்பதாக அரசு சொன்னதும் அது திரும்பப் பெறப்பட்டது. பிறகு 1929ல் விட்லி கமிஷன், 1931ல் அதன் அறிக்கை, 1936ல் சம்பளப் பட்டுவாடா சட்டம். ஆயிரம் பேருக்குக் குறைவான இடத்தில் 7ம் தேதிக்குள், மற்ற இடங்களில் 10ம் தேதிக்குள். ஏழு வந்த கதை இதுதான்.

சட்டம் இருந்தும் என்ன ஆகும் என்பதற்கு மாலூர் வழியாகக் கொஞ்ச தூரம் போனால் நரசாபுரா. 2020 டிசம்பர் 12 காலை, அங்கே ஐபோன் செய்த விஸ்ட்ரான் ஆலையைத் தொழிலாளர்களே அடித்து நொறுக்கினார்கள். பெரும்பாலானோர் கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அக்டோபர், நவம்பர் மாதங்களில் சிலருக்குச் சம்பளம் தாமதமானதை ஆப்பிளே பின்னர் ஒப்புக்கொண்டது. விஸ்ட்ரான் மன்னிப்புக் கேட்டது. புகார் சொல்ல 24 மணிநேரத் தொலைபேசி வைத்தது, தமிழிலும்கூட. அது முன்னாலேயே இருந்திருக்கலாம்.

சரி, கல்லெடுக்காமல் என்ன செய்யலாம்?

முதலில் எழுத்து. எந்த மாதம், எவ்வளவு பாக்கி என்று ஹெச்.ஆருக்கு மெயில் போடுங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறை. தனியாகப் போகப் பயமாக இருந்தால் பதிவு பெற்ற சங்கம் உங்களுக்காக மனு போடலாம். பல பேர் சேர்ந்து ஒரே மனுவும் போடலாம். கான்ட்ராக்டர் கைவிரித்தால், ஆலை நிர்வாகம்தான் கொடுக்கணும். வீடு ஓசூரில், வேலை அத்திப்பள்ளியில், பொம்மசந்திராவில் என்றால் மனு போக வேண்டியது கர்நாடகாவுக்கு. வேலை செய்யும் இடம்தான் கணக்கு.

செலவுப் பணம் வேறு கதை. பயணப்படியும், வேலைக்காகக் கைக்காசு போட்டுச் செய்த செலவும் பழைய 1936 சட்டத்தின் 'சம்பளம்' என்ற வரையறைக்குள்ளேயே வரவில்லை. பில்லும், மேலதிகாரி சம்மதித்த மெயிலும்தான் ஆதாரம். ரெண்டையும் பத்திரமாக வையுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது. இனி பெரிய ஆலைக்கும் சின்ன ஆலைக்கும் ஒரே கெடு, 7ம் தேதி. பழைய சட்டத்தில் 24,000 ரூபாய் உச்சவரம்பு இருந்தது, அதுவும் போயிற்று. வேலையை விட்டால் ரெண்டு வேலைநாளில் கணக்கை முடிக்கணும். மனு போட மூன்று வருஷம் அவகாசம், முன்பு ஒரு வருஷம்தான்.

தேதி மட்டும் நூறு வருஷத்தில் பெரிசாக மாறவில்லை. எட்டாம் தேதி வாடகை கேட்டு வீட்டுக்காரர் நிற்பதும் மாறவில்லை.