ரயில் விபத்து விசாரணை: பிஹ்டா முதல் பாலசோர் வரை

லால் பகதூர் சாஸ்திரி எந்த விபத்தை அடுத்து ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகினார்? போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கும் மாணவர்கள் அனைவரும் அறிந்த வினா இது. 1956ஆம் ஆண்டு அரியலூர் விபத்து என்பது விடை. ஆனால் விபத்து நடந்தபின் காரணத்தை யார் ஆராய்கிறார்கள், அவர்கள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள், அவர்கள் கண்டறிந்தது அடுத்த விபத்தைத் தடுத்ததா என்பவற்றைப் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை. ரயிலில் பயணம் செய்யும் ஒவ்வொருவரின் உயிரும் தொடர்புடைய அந்த வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாகக் கூறுகிறது.

தொடக்க காலம்

பிரிட்டனில் 1840ஆம் ஆண்டிலேயே ரயில் பாதைகளைப் பார்வையிட அரசு ஆய்வாளர்கள் நியமிக்கப்பட்டனர். இந்தியாவில் தொடக்கத்தில் தனியார் கம்பெனிகளே ரயில் பாதைகளை அமைத்தன. அவற்றின் பணியை அரசின் ஆலோசனைப் பொறியாளர்கள் மேற்பார்வையிட்டனர். பின்னர் அரசு ஆய்வாளர்கள் வந்தனர். 1890ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டம் அவர்களுடைய கடமைகளை வரையறுத்தது.

1905இல் ரயில்வே வாரியம் அமைக்கப்பட்டது. ஆய்வாளர்களும் அதன் கட்டுப்பாட்டின் கீழ் வந்தனர். ரயில்களை இயக்குவதும் வாரியமே. அந்த இயக்கத்தில் குறை இருந்தால் அதைச் சுட்டிக்காட்ட வேண்டியவர்களுக்கு மேலதிகாரியும் வாரியமே. தேர்வு எழுதிய மாணவனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுப்பது போன்றது இந்த ஏற்பாடு.

பிஹ்டாவும் 1941ஆம் ஆண்டின் மாற்றமும்

1937 ஜூலை 17 அன்று பாட்னாவுக்கு அருகில் உள்ள பிஹ்டாவில் ஒரு விரைவு ரயில் தடம் புரண்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ரயிலை இழுத்துச் சென்றது 'பசிபிக்' வகையைச் சேர்ந்த நீராவி எஞ்சின். அவ்வகை எஞ்சின்களுக்கும் இந்தியத் தண்டவாளங்களுக்கும் பொருத்தம் இருந்ததா என்ற ஐயம் வலுத்ததால், அதை ஆராயத் தனிக் குழு அமைக்கப்பட்டது. பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைமை ஆய்வு அதிகாரி மவுண்ட் அதன் தலைவர்.

எஞ்சினைப் பற்றி ஆராய வந்த அக்குழு, ஆய்வாளர்களின் நிலையைப் பற்றியும் விரிவாக எழுதியது. விபத்தை விசாரிப்பவர் ரயில்வே வாரியத்துக்குக் கட்டுப்பட்டவராக இருப்பது முறையன்று என்பது அதன் கருத்து. மத்திய சட்டமன்றத்தின் அவைகளும் இதை ஆதரித்தன. 1941 மே மாதம் ஆய்வாளர்கள் வாரியத்திடமிருந்து பிரிக்கப்பட்டு, அஞ்சல் மற்றும் விமானத் துறையின் கீழ் வைக்கப்பட்டனர். 1961 நவம்பரில் இந்த அமைப்பு 'ரயில்வே பாதுகாப்பு ஆணையம்' என்று பெயர் பெற்றது.

இன்றும் இந்த ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. இதைக் கேட்டு வியப்பவர்கள் உண்டு. விசாரிப்பவரும் விசாரிக்கப்படுபவரும் ஒரே குடையின் கீழ் இருக்கக் கூடாது என்ற 1941ஆம் ஆண்டின் முடிவே அதற்குக் காரணம்.

அரியலூர், 1956

1956 செப்டம்பரில், அன்றைய ஹைதராபாத் மாநிலத்தின் மகபூப்நகர் அருகே பாலம் இடிந்து ரயில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சாஸ்திரி பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. மூன்று மாதம் முடிவதற்குள், நவம்பர் 23 அதிகாலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு ரயில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் கவிழ்ந்தது. பலத்த மழையால் பாலத்தையொட்டிய பாதை சேதமடைந்திருந்தது. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இம்முறை சாஸ்திரியின் விலகல் ஏற்கப்பட்டது. அவர் தவறு செய்தார் என்பதற்காக அல்ல, அரசியல் சட்ட மரபுக்கு நல்ல முன்மாதிரியாக அமையும் என்பதற்காகவே ஏற்பதாக நேரு விளக்கினார். அந்தப் பண்பு போற்றத்தக்கது. ஆயினும் அமைச்சர் விலகியதால் எந்தப் பாலமும் வலுப்பெற்று விடாது. மழைக்காலத்தில் பாதையைக் கண்காணிக்கும் ரோந்துப் பணியாளர்களும், பாலத் தூண்களில் தீட்டப்படும் அபாய அளவுக் குறியும், நீர் அக்குறியை எட்டினால் ரயிலை நிறுத்தும் விதியுமே பயணியைக் காப்பவை. அடுத்த முறை ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது தூண்களைக் கவனித்துப் பாருங்கள்.

விசாரணை நடக்கும் முறை

பயணிகள் ரயில் விபத்தில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்டால் ரயில்வே நிர்வாகம் உடனே ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆணையர் நேரில் சென்று பாதையையும் பெட்டிகளையும் சிக்னல் கருவிகளையும் பார்வையிடுவார்; ஊழியர்களையும் பயணிகளையும் விசாரிப்பார். விவரம் அறிந்த பொதுமக்களும் சாட்சியம் அளிக்கலாம் என்று நாளிதழ்களில் அறிவிப்பு வரும்.

இங்கே முக்கியமான விதி ஒன்று உண்டு. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டப்படி, ஆணையர் முன் ஒருவர் அளிக்கும் வாக்குமூலத்தை வேறு வழக்குகளில் அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. பொய்ச்சாட்சி சொன்னால் மட்டும் வழக்கு வரும். தண்டனைக்கு அஞ்சி ஊழியர் உண்மையை மறைத்துவிட்டால், விபத்தின் காரணம் அவரோடு புதைந்துபோகும். குற்றவாளியைத் தேடுவது காவல்துறையின் வேலை. இது ஏன் நடந்தது, மீண்டும் நடக்காமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்பது ஆணையரின் வேலை.

ஆணையத்தின் ஆண்டறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது. ஆனால் அதன் பரிந்துரைகள் பரிந்துரைகளே. செயல்படுத்த வேண்டியது ரயில்வே நிர்வாகம்.

பாலசோர், 2023

2023 ஜூன் 2 அன்று சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு ரயில், ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பஹாநகா பஜார் நிலையத்தை நெருங்கியது. பிரதான தடத்தில் செல்லப் பச்சை விளக்கு எரிந்தது. தண்டவாளமோ பக்கத்து லூப் தடத்துக்குத் திரும்பியிருந்தது. ரயில் அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதியது. தடம் புரண்ட பெட்டிகள், எதிர்த்திசையில் சென்ற மற்றொரு விரைவு ரயிலின் பின்பகுதியிலும் மோதின. 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

சிக்னல் கம்பி இணைப்புகளில் முன்பு செய்த மாற்றத்தில் இருந்த பிழையும், ரயில்வே கேட் தொடர்பான பணியின்போது நேர்ந்த பிழையும் காரணம் என்று ஆணையரின் விசாரணை கண்டறிந்தது. அறிக்கை மற்றொன்றையும் சுட்டியது. 2022 மே 16 அன்று, அதே கரக்பூர் கோட்டத்தின் பாங்க்ரா நயாபாஜ் நிலையத்தில், தவறான கம்பி இணைப்பால் சிக்னல் காட்டிய வழி ஒன்றும் ரயில் சென்ற வழி வேறொன்றுமாக இருந்தன. அப்போதே உரிய திருத்தம் செய்திருந்தால் பாலசோர் விபத்து நடந்திருக்காது என்றது அறிக்கை. 2023 பிப்ரவரியில் கர்நாடகத்தின் ஹொசதுர்கா ரோடு நிலையத்திலும் இத்தகைய பிழை தலைகாட்டியது. உயர் அதிகாரி ஒருவர் எச்சரித்துக் கடிதமும் எழுதியிருந்தார்.

ஆக, பாலசோருக்கு முன்பே இரண்டு முறை எச்சரிக்கை கிடைத்திருந்தது. அவ்விரு இடங்களிலும் யாரும் இறக்கவில்லை. ஆகவே அவை பெருஞ்செய்தி ஆகவில்லை. பெருவிபத்துக்கு உள்ள அதே காரணம் சிறு நிகழ்விலும் இருக்கும். அதை அறிந்துகொள்ள உயிர்களை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த வாய்ப்பைத் தவறவிட்டதே பாலசோரின் துயரம்.

முடிவாக

விசாரிப்பவருக்கு 1941இல் தனி நிலை கிடைத்தது. சாட்சி சொல்பவருக்குச் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. ஒரு நிலையத்தில் கண்ட பிழை மற்ற நிலையங்களுக்கும் உடனே தெரிவிக்கப்பட்டு, அங்கும் சரிபார்க்கப்படுவதுதான் இன்னும் முழுமை பெற வேண்டிய பணி. ரயில் விபத்துச் செய்தியைப் படிக்கும்போது அமைச்சர் விலகினாரா என்று கேட்பதோடு நின்றுவிடாமல், ஆணையரின் பரிந்துரைகள் என்ன, அவற்றில் எவை நிறைவேறின என்றும் மாணவர்கள் கேட்டுப் பழக வேண்டும்.