பந்தியில் எழுந்த மொழிச் சிக்கல்: எருசலேமின் தொடக்கத் திருச்சபையும் நாமும்

தொடக்கத் திருச்சபையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் ஒற்றுமையையே எடுத்துரைப்பர். உடைமைகளைப் பொதுவில் வைத்துத் தேவைக்கேற்பப் பகிர்ந்தனர் என்னும் செய்தி மேடைதோறும் ஒலிக்கிறது. அதைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரமோ, அச்சபைக்குள் எழுந்த ஒரு முணுமுணுப்பையும் பதிவுசெய்திருக்கிறது. இவ்வுரையில் நாம் எடுத்துக்கொள்வது அந்த முணுமுணுப்பைத்தான். ஏனெனில் அதன் அடியில் இருந்தது மொழி.

நாள்தோறும் நடந்த பங்கீட்டில் தங்கள் கைம்பெண்கள் விடுபடுகின்றனர் என்று ஒரு சாரார் குறை கூறினர். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இவர்களைக் 'கிரேக்கரானவர்கள்' என்கிறது. அச்சொல் வாசகரை இனவேறுபாட்டின் பக்கம் திருப்பிவிடுகிறது. மூலத்திலுள்ள சொல் கிரேக்க மொழி பேசியோரைக் குறிப்பதாக நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த யோவான் கிறிசோஸ்தொமே கருதினார். இன்றைய ஆய்வாளர் பலரும் அவ்வாறே கொள்கின்றனர். இரு சாராரும் யூதரே. ஒரு சாரார் வீட்டில் புழங்கியது அரமேயம். மற்றவர் நாக்கில் கிரேக்கம். இத்தகையோர் அந்நகரில் வாழ்ந்தமைக்குக் கல்லும் சான்று பகர்கிறது. 1913–14 அகழ்வாய்வில் கிடைத்த தெயொதோத்துவின் கல்வெட்டு, எருசலேமில் இருந்த ஒரு தொழுகைக்கூடத்தையும், வெளிநாட்டிலிருந்து வருவோர் தங்கும் விடுதியையும் பற்றிப் பத்து வரிகளில் கிரேக்கத்திலேயே பேசுகிறது.

அப்பெண்களை எவரும் வேண்டுமென்றே பட்டினி போட்டதாக நூல் கூறவில்லை. பங்கிடுவோரின் பேச்சு புரியாத முதியவள் ஒருத்தி பின்தங்கிப்போக எவருடைய பகைமையும் தேவையில்லை என்பது நம் கருத்து. தனக்குக் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லவும் அவளுக்கு அவர்கள் மொழி வேண்டுமே!

அப்போஸ்தலர் செய்தது கவனிக்கத்தக்கது. இனிமேல் பரிவோடு நடந்துகொள்ளுங்கள் என்று பழைய பங்கீட்டாளர்களுக்கு அறிவுரை கூறி முடித்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையாரையே கேட்டனர். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, அந்தியோகியாவின் நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். பெயரை மட்டும் கொண்டு ஒருவரின் மொழியை அறுதியிட முடியாதுதான். அப்போஸ்தலருள்ளும் பிலிப்பு, அந்திரேயா என்போர் உண்டு. ஆயினும் ஏழும் இவ்வாறு அமைந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட நம் மனம் ஒப்பவில்லை. அவர்கள் கிரேக்கக் கைம்பெண்களுக்கு மட்டும் பொறுப்பாளர் என்ற வரையறையும் அங்கில்லை. குறை கூறிய சாராரின் கையில் மொத்தப் பங்கீடும் ஒப்படைக்கப்பட்டது.

ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 381–384 அளவில், எகேரியா என்னும் பெண் பயணி அதே நகரின் வழிபாட்டைக் கண்டு எழுதிவைத்தார். ஆயர் சிரிய மொழி அறிந்தவராயினும் கிரேக்கத்திலேயே பேசுவார். மூப்பர் ஒருவர் அருகில் நின்று அதைச் சிரியத்தில் பெயர்த்துரைப்பார். லத்தீன் மட்டும் அறிந்தோருக்கும், இருமொழி அறிந்த சகோதர சகோதரிகள் விளக்கிச் சொல்வர். போற்றத்தக்க ஏற்பாடுதான். ஆனால் சிரியம் என்பது அரமேயத்தின் ஒரு வடிவம் என்பதை மாணவர் நினைவிற்கொள்ள வேண்டும். அன்று பங்கிட்டவர்களின் மொழி, இப்போது பெயர்த்துரைப்பவரை எதிர்பார்த்து நிற்கிறது. மேலிடத்து மொழி எதுவாயினும் அது நிலையாக அங்கே தங்கிவிடுவதில்லை.

நம் நாட்டிலும் அண்டை நாட்டிலும் தமிழ் வழிபாடு இல்லாமற் போகவில்லை. சிங்கப்பூரின் ஓபிர் சாலையிலுள்ள லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கருக்கென 1888இல் எழுந்தது. வழிபாட்டு நேரம் ஒதுக்குவது எளிது. தமிழ் மட்டும் அறிந்த பாட்டி ஒருவர் உதவி வேண்டிச் சபை அலுவலகத்திற்கு வந்தால் எந்த மொழியில் கேட்பார்? அதைக் கேட்பவருக்கு முடிவெடுக்கும் உரிமை உண்டா? தமிழ்ச் சபைகளும் தம்மை இதே வகையில் கேட்டுக்கொள்ள வேண்டும்: ஆங்கிலமே நாவிற் பழகிய இளையோர் நம் செயற்குழுக்களில் எத்தனை பேர்? ஒவ்வொரு சபையும் இன்று பங்கீட்டைக் கையில் வைத்திருக்கும் தன் ஏழு பேரின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, எதிரே அவரவர் வீட்டு மொழியையும் குறித்துப் பார்க்கலாம்.