டுரியான் வாசம்: மூளைக்கு எப்படித் தெரிகிறது?

கடை கண்ணில் படும் முன்பே "டுரியான் வந்திருக்கு போல!" என்று சொல்லிவிடுகிறோம்.

சிலருக்கு அது வாசம். சிலருக்கு நாற்றம். டுரியான் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

பழத்திலிருந்து பல வேதிப்பொருள்கள் கலந்து வருகின்றன. மூளை அவற்றை எப்படி ஒரே வாசமாக அறிகிறது?

மூக்கில் என்ன நடக்கிறது?

மூக்கின் உள்ளே, மேல் பகுதியில், வாசத்தை உணரும் நரம்பணுக்கள் உள்ளன. வேதிப்பொருள்களைப் பிடிக்கும் உணர்விகள் அவற்றில் இருக்கின்றன. மனிதர்களிடம் சுமார் 400 வகை உணர்விகள் உண்டு.

அப்படியென்றால் 400 வாசம்தானா? இல்லை.

ஒரு வேதிப்பொருள் பல உணர்விகளைத் தூண்டும். ஓர் உணர்வி பல வேதிப்பொருள்களுக்கு இணங்கும். எந்தெந்த உணர்விகள் சேர்ந்து தூண்டப்படுகின்றன என்பதே வாசத்தின் அடையாளம். கொஞ்சம் எழுத்துகளை வைத்து எத்தனையோ சொற்களை எழுதுகிறோமே, அதுமாதிரிதான்.

அந்த உணர்விகளுக்கான மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991இல் கண்டறிந்தனர். 2004இல் அவர்களுக்கு மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

மூளை என்ன செய்கிறது?

மூக்கிலிருந்து வரும் செய்திகள் முதலில் மூளையின் நுகர்ச்சிக் குமிழில் வகைவாரியாகச் சேர்கின்றன. பிறகு அவை நினைவு, உணர்ச்சி தொடர்பான பகுதிகளுக்கும் போகின்றன. அதனால்தான் ஒரு வாசம் பழைய நினைவைச் சட்டென்று கிளறுகிறது.

தெரிந்தவர் முகத்தைப் பார்த்தால் கண், மூக்கு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. வாசமும் அப்படித்தான். ஒரு கலவையில் மூன்று, நான்கு வாசங்களுக்கு மேல் பிரித்துச் சொல்வது கைதேர்ந்தவர்களுக்கும் கஷ்டம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

டுரியானுக்கு முக்கியமானவை இரண்டு பொருள்கள் என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டனர். ஒன்றில் பழ வாசம், மற்றொன்றில் வறுத்த வெங்காய வாசம். இரண்டும் சேர்ந்தால், டுரியான்!

அடையாளம் குலைந்தால்?

கோவிட்-19க்குப் பிறகு சிலருக்குக் காப்பி, வெங்காயம், வறுத்த இறைச்சி எல்லாம் அழுகிய நாற்றமாகத் தெரிந்தன. காப்பி மாறவில்லை. சில உணர்விகளின் செய்தி சரியாகப் போய்ச் சேராததால் மூளைக்குக் கிடைத்த அடையாளம் மாறிவிட்டது என்று கருதப்படுகிறது.

இது சின்ன விஷயமில்லை. சமையல் எரிவாயுவுக்குத் தனி வாடை கிடையாது. கசிவு தெரியவேண்டும் என்றே அதில் நாற்றம் சேர்க்கப்படுகிறது. நுகரும் திறன் போனால் அந்த எச்சரிக்கையும் போய்விடும். கெட்டுப்போன சாப்பாடும் தெரியாது.

பயிற்சி உதவுமா?

பலருக்கு உதவியுள்ளது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் தினமும் இருமுறை, சில மாதங்களுக்கு, கவனமாக முகர்வதே அந்தப் பயிற்சி.

திடீரென்று வாசம் தெரியாமல் போனால், "சளிதானே" என்று விட்டுவிடாதீர்கள். சில வாரங்களில் சரியாகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.